கட்டிலும் அம்பும்

அன்யாங் நகரத்துத் தூறலில் குடை பிடிப்பவர்கள் குறைவு. வழுக்கி விழுபவர்கள் அதிகம். அன்று காலை விழுந்தவன் தாவ் கென், சந்து முனையில் எலும்புக் கடை வைத்திருப்பவன். விழுந்த இடம்... ஷூயிங் அப்போதுதான் கொட்டிய கஷாயச் சக்கை.

"பார்த்து நடக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

"தரையைத் தரையா விட்டாத்தானே..." பின்புறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இப்ப யாரோட நோயை நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்?"

சக்கையைத் தெருவில் கொட்டினால் மிதிப்பவர்களோடு நோயும் நடந்து போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. சொந்த வாசலில் கொட்டினால் நோய் போகுமோ என்னவோ, சேதி போய்விடும். அதனால்தான் இரண்டு தெரு தள்ளி வந்திருந்தாள்.

"எங்க மாமாவோடது... முட்டிவலி."

பொய் சுலபமாக வந்தது. அவன் கண்கள்தான் அவளைச் சுலபமாக விடவில்லை. மழைத்துளி தங்கிய இமைகளுக்கு அடியில் ஒரு சிரிப்பு...

அவன் கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போனவள் கடைக்குள்ளேயே நின்றுவிட்டாள். மாட்டுத் தோள்பட்டை எலும்பில் ஆதிகாலச் சீனப் பட எழுத்துகளைச் செதுக்கி விற்பது அவன் தொழில். நகல் என்று முதலிலேயே சொல்லிவிடுவான். விலையை மட்டும் அசல் போலச் சொல்வான்.

ஓர் எலும்பில் ஒரு கட்டில், அதில் ஒரு மனிதன், சுற்றிலும் துளிகள். வியர்வை என்றான். நோய் என்ற எழுத்து பிறந்தது இப்படித்தானாம். இன்னொன்றில் நோய்க்கே வேறு படம்: அக்குளில் அம்பு தைத்த மனிதன். அந்தக் காலத்து ராஜா, ராணியின் பல்வலி தீருமா என்று எலும்பில் செதுக்கி முன்னோர்களைக் கேட்டானாம்.

"அபசகுனம். இதையெல்லாம் யாரு வாங்குவா?"

"யாரும் வாங்கல. ஆனா அம்பு பட்டவனைப் பார்த்து, ஏன்டா பட்டுக்கிட்டேன்னு யாரும் கேக்கறதில்லங்க. அதனால எனக்குப் பிடிக்கும்."

அதன்பிறகு கஷாயம் காய்ச்சும் நாளெல்லாம் அவள் சந்து முனைக்கு வந்தாள். அவன் வேண்டுமென்றே சக்கையை மிதித்து, மாமாவின் முட்டியை நலம் விசாரித்தான். ஒரு கோப்பைத் தேநீரை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிப் பேரம் பேசினான். அவளும் பிகு பண்ணித் தோற்றாள்...

குளிர் தொடங்கியபோது, தரகரம்மாவை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டான். அவள் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்காதே என்றாள் அம்மா. அம்மா சொல்வதிலும் நியாயம் இருந்தது. முன்பு வந்த ஒரு வரன், விஷயம் தெரிந்ததும் கொடுத்த பழக்கூடையையே திரும்பக் கேட்டு வாங்கிப் போயிருந்தது. இவனும் போய்விட்டால்? போகாமல் பரிதாபப்பட்டால்... அது அதைவிட மோசம். ஆனால் ஒளித்துவைத்து அவன் பக்கத்தில் எப்படி உறங்குவது?

மறுநாள் மழையோடு போய்க் கடைவாசலில் நின்றாள்.

"எனக்கு மாமாவே கிடையாது. மருந்து எனக்குத்தான். வலிப்பு. எப்ப வரும்னு தெரியாது. தரகரம்மாவை நிறுத்திக்குங்க... பரிதாபம் மட்டும் வேண்டாம்."

தாவ் கென் உளியைக் கீழே வைத்தான்.

"வந்தா நான் என்ன செய்யணும்?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது."

"சரி. அப்புறம்?"

"தானா அடங்கிடும். முழிக்கிறப்ப எங்க இருக்கேன்னே தெரியாது... பயமா இருக்கும்."

"முழிச்சதும் என்னைத் தேடு, ஷூயிங்," என்றான் அவன். "நான் அங்கதான் இருப்பேன்."