யாராவது செய்யட்டும்

பொதுச் சமையலறையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கு முறை தச்சருடையது. அவரோ முதுகுவலி என்று நேற்று மாலையே போர்த்திக்கொண்டு படுத்தவர்.

முப்பது வருடம் ஆளே இல்லாமல் கிடந்த கிராமம் அது. ஆறு குடும்பங்கள் நகரத்து வீடுகளை ஒழித்துக் கொடுத்துவிட்டு வந்து, இடிந்த சுவர்களை எழுப்பி, ஒரே அடுப்பில் சமைத்து வாழத் தொடங்கியிருந்தார்கள். பத்து நாளில் முதல் விருந்தினர்கள் வருகிறார்கள். காட்டையும் கிணற்றையும் கெடுக்காத சுற்றுலா, ஊரோடு ஊராகத் தங்கலாம் என்று அவர்களை அழைத்தது அவள்தான். வேலைகளைப் பிரித்துக் கரும்பலகையில் எழுதியதும் அவள்தான். யார் வேலை செய்கிறார்களோ அவர்களுக்கு இங்கே இடம் உண்டு என்ற விதியை முதல் கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கி ஏற்றார்கள். தூக்கியதோடு சரி, அதற்கப்புறம் ஒரு கையும் எந்த வேலைக்கும் நீளவில்லை.

ஆனாலும் வேலை நடந்துகொண்டிருந்தது. விடிவதற்குள் தொட்டி நிரம்பியிருக்கும். தெரு பெருக்கியிருக்கும். விருந்தினர் வீடுகளில் படுக்கை விரித்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவி விட்டிருக்கும். அந்த அறைகளில் மட்டும், வெகுநாள் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தாற்போல ஈரமும் பழந்துணியும் கலந்த ஒரு வாடை தங்கியிருக்கும். யார் செய்தது என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள்.

கணவனிடம் சொன்னால் அவன் சிரித்தான். "நடக்குதில்ல? அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கற?"

தச்சரை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். அவர் தன் வீட்டு வாசலுக்கு வெளியே, செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள போக முடியலம்மா," என்றார். "என் இடத்துல யாரோ இருக்காங்க. கண்ணுக்குத் தெரியல. ஆனா இருக்காங்க. இவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு இப்படி ஒரு கதையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவாமல் இருக்க இன்னும் என்னென்ன சொல்வார்களோ! நேராகச் சமையலறைக்கு வந்து கரும்பலகையைத் துடைத்தாள். எல்லார் பெயரையும் துடைத்தாள். தன் பெயருக்கு நேரே இரண்டு வேலைகள் இருந்தன: மாலையில் விளக்கேற்றுவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பிள்ளை என்று ஊரில் இருந்ததே அவளுடைய ஏழு வயது மகள் ஒருத்திதான். தன் பெயரையும் துடைத்தாள். சுண்ணக்கட்டி உடையும் அளவுக்கு அழுத்தி, 'யாராவது செய்யட்டும்' என்று எழுதிவிட்டு, ஊர் எல்லைப் பாலத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தேடி வரட்டும், அப்போது தெரியும் தன் அருமை என்று நினைத்தாள்.

யாரும் வரவில்லை.

இருட்டத் தொடங்கியபோது கோபம் ஆறி, மகளின் நினைப்பு வந்து எழுந்தாள். தெரு முழுக்க விளக்கு எரிந்தது. ஆறு வீட்டில் அல்ல, எல்லா வீட்டிலும். கூரை இல்லாத வீடுகளிலும். குட்டிச்சுவர்களுக்கு நடுவேயும் மஞ்சளாக, அசையாமல் எரிந்தது. அந்த வாடை இப்போது தெருவிலேயே இருந்தது. பூட்டுப் போட்ட கதவுகளுக்குப் பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். அவள் ஓடினாள்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். திறக்கவில்லை.

ஜன்னல் பக்கம் போனாள். கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். பதிலுக்குக் காத்திருந்து தலையாட்டினான்.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கூந்தல் தானாக மேலே எழும்பியது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பின்னிக்கொண்டது.

"அம்மா, இழுக்காத. வலிக்குது."

உடனே கூந்தல் தளர்ந்தது. பிறகு மெல்ல, பக்குவமாகப் பின்னத் தொடங்கியது.

"கண்ணு! அம்மா இங்க இருக்கேன்டா!"

மகள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அவளைப் பார்க்கவில்லை.

கணவன் எழுந்து வந்தான். முகத்துக்கு நேர் முகம். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. "குளிருதா? இரு, சாத்திடறேன்," என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு ஜன்னலை இழுத்து மூடினான்.

பலகைகளுக்கு இடையே விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதில் கண்ணை வைத்தாள்.

பின்னல் முடிந்திருந்தது. மகள் கொட்டாவி விட்டாள். முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை, ஒன்றுமே இல்லை. சுகமாக அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

விழவில்லை.