பழைய கணினியில் எடுத்த டிஎல்எல்

புரோகிராம் திறக்க மறுத்தபோதே பெனிஷா எழுந்து போயிருக்கலாம். ராயபுரத்து மீன் குளிர்கிடங்கின் கதவுகளை இயக்க அவள் எழுதிக் கொடுத்தது அது. அது ஓடத் துணையாக வேண்டிய ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லை என்று திரை முகத்திலடித்தாற்போலச் சொன்னது. தன் லேப்டாப்பில் ஓடினால் ஊரெல்லாம் ஓடும் என்ற திமிரில், கூடவே அனுப்ப வேண்டியதைச் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

மேசைக்கடியில் கிடந்த பழைய கணினியில் அதே பெயரில் ஒன்று இருந்தது. பென்டிரைவில் எடுத்தாள்.

"செல்வம் ஓட்டிகினு இருந்த மிஷின் அது. போன வருஷம் மூணாம் ரூம் கதவு லாக்காயி உள்ளயே செத்தான். அத்தப் போயி நோண்டுறியே" என்றான் கிடங்கு ஆபரேட்டர் ஆண்ட்ரூ.

"ஒரு ஃபைல்ல என்னண்ணே இருக்கு?"

அதைச் சேர்த்ததும் புரோகிராம் திறந்தது. மூன்றாம் அறை, உள்ளே ஒருவர் என்று காட்டியது.

"எவனும் இல்ல. சென்சார்தான் பேஜாரு பண்ணுது, பாத்துட்டு வரேன்." ஆண்ட்ரூ கம்பளிக்கோட்டை மாட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குள் போனான். கதவு தானாக மூடிக்கொண்டது.

ஜன்னல் இல்லாத அந்தக் கன்ட்ரோல் அறையில் கம்ப்ரஸரின் உறுமலும், மூக்கை அரிக்கும் அம்மோனியா நெடியும், ஐஸில் ஊறிய மீன் வாடையும் சூழ்ந்திருக்க, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகத் தட்டுவது அவளுக்குக் கேட்டது. தட்டல் வேகமானது. பிறகு இரண்டு இடங்களில் கேட்டது.

திரையில் இப்போது இருவர்.

திறக்கும் பொத்தானை அழுத்தினாள். கதவு அசையவில்லை. அந்த ஃபைலை அழித்துவிடலாமா? அழித்தால் புரோகிராம் நின்றுவிடும். கதவு திறக்காது. ஆண்ட்ரூ விறைத்துச் செத்துவிடுவான். மீண்டும் அழுத்தினாள். மீண்டும். மீண்டும்.

கதவு திறந்தது. வெள்ளைப் புகை. அதிலிருந்து ஆண்ட்ரூ வந்தான். பின்னாலேயே கதவு மூடியது.

"பயந்துட்டியா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "உயிரே போயிடுச்சுண்ணே."

அவன் அவளருகில் வந்து உட்கார்ந்தான். இன்டர்காம் கரகரத்தது.

"பெனிஷா! இன்னா பண்ற? நான் உள்ள கீறேம்மா! கதவத் தொற!"

ஆண்ட்ரூவின் குரல்.

அவள் திரும்பவில்லை. கை மவுஸைத் தேடிப் போனது. அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சில்லென்று. கதவைப் பிறாண்டிப் பிறாண்டித் தேய்ந்த விரல்கள். ஒன்றிலும் நகமில்லை.