கீரைத் தொட்டியின் குமிழிகள்

செல்போனுக்கு சார்ஜ் போடுவதற்காகக் கீரைத் தொட்டியின் காற்றுப் பம்ப்பைப் பிடுங்கிவிட்டு மறந்துபோனது அவன்தான். பிடுங்கியது வெள்ளிக்கிழமை காலை; கண்ணில் பட்டது ஞாயிறு மதியம். லிஃப்ட் நின்றுவிட்டதென்று அலறுகிறவர்களிடம் ‘முதல்ல ஸ்விட்சைப் பாருங்க’ என்று உபதேசம் செய்தே சம்பளம் வாங்குகிற மெக்கானிக்கின் வீட்டு லட்சணம் இது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. இரண்டரை நாள் காற்றில்லாமல் வேரெல்லாம் அழுகி நாறியிருக்கும், மனைவியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி, பிடுங்கிய வயரைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனியில் குனிந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

தொட்டிக்குள் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

வயரைப் பார்த்தான். கையில்தான் இருந்தது.

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கிற இந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆனது. கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதுகூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை. பைப்பில் தண்ணீர் ஓடுகிற வகையில் மோட்டார் நின்றால் ஒரு மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். வேர் தண்ணீரிலேயே முங்கியிருக்கும் தொட்டி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடையில் கடைசியாக இருந்த தொட்டி ஏதோ ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “அங்க இப்போ தேவைப்படல சார்” என்றார் கடைக்காரர். பாதி விலை என்றதும் இவனும் மேற்கொண்டு குடையவில்லை.

எல்லாம் அவளுக்காகத்தான். வருஷக்கணக்காக வீசிங். இரவில் அவள் மூச்சுக்குத் திணறும்போது, பக்கத்தில் படுத்திருக்கும் இவனும் தன்னையறியாமல் சேர்ந்து இழுப்பான். மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. கீரையாவது நான் வளர்க்கிறேனே என்று ஆரம்பித்தது. சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளில் இழுப்பு நின்றது. அக்கம்பக்கத்தில் அவன் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

மூடியைத் தூக்கினான். வேர்கள் பாலாய் வெளுத்து, விரல் கனத்தில், தொட்டியின் அடிவரை கொத்துக்கொத்தாக இறங்கியிருந்தன. அழுகல் வாடை இல்லை. வெதுவெதுப்பாக ஒரு வாடை. தெரிந்த வாடை. அவளுடைய தலையணையின் வாடை.

குமிழிகள் கூட்டமாய் எழுந்தன. நின்றன. மறுபடி எழுந்தன. பம்ப் இப்படி ஓடாது. தூங்குகிறவர்கள்தான் இப்படி மூச்சு விடுவார்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க, தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் இறங்க இறங்க வேர்கள் ஒன்றோடொன்று இறுகின. குமிழிகள் குறைந்தன.

வீட்டுக்குள் ஏதோ விழுந்தது.

ஓடினான். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். உதடு நீலம். காலடியில் தம்ளர். மேஜையில் இன்ஹேலர், மேலே தூசி.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டான். “வாங்கினா மட்டும் என்ன பண்ணப்போறீங்க?” என்றாள். கேட்டால் திருப்பிக் கேட்பது அவள் வழக்கம். அவள் பேசும்போதெல்லாம் பால்கனியில் குமிழி கொப்பளித்தது.

பழக்கத்தில் அவள் முதுகில் கை வைத்தான்.

ஏறவில்லை. இறங்கவில்லை.

பால்கனிக்குப் பாய்ந்து குழாயைத் திருகினான். மூடவில்லை. வேர் ஒன்று குழாய்க்குள் நுழைந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. துவாரத்தில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டான். விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. வேர் மெல்ல, வெதுவெதுப்பாக, அவன் மணிக்கட்டைச் சுற்றியது.

அவள் சுவரைப் பிடித்தபடியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லும்மா. நீ எப்போலேர்ந்து மூச்சு விடல?”

தொட்டியில் இரண்டே இரண்டு குமிழி எழுந்தது.

“பன்னெண்டு நாளாச்சுங்க. அதுதான் எனக்கும் சேர்த்து விடுது. கைய எடுத்துடாதீங்க.”