வாயுவைக் குடிக்கும் குழாய்

அழுத்தமானியின் முள் மறுபடி இறங்கியிருந்தது. ஆபரேட்டர் சாப்பிடப் போகும்போது வாயுவை நிரப்பிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் இரண்டு கோடு குறைந்திருந்தது. வெளியே பார்க்க ஜன்னல் இல்லாத அந்த அறையில் பம்பின் ரீங்காரமும், சூடேறிய பெயின்ட்டின் வாசமும், சுவருக்கு அந்தப் பக்கம் நானூறு டிகிரியில் உருகிச் சுற்றும் லித்தியம் குழாயை உரசிப் போகும் மெல்லிய சலசலப்பும்தான் இருந்தன. வேக அணு உலையைக் குளிர்விக்க லித்தியம் தாங்குமா என்று பார்க்கும் சோதனைக் கூடம் அது. உருகிய உலோகத்தின் மேல் போர்வையாக நிற்கும் வாயு வெளியே போக வழியே இல்லை. ஆனாலும் குறைந்தது.

கசிவு தேடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்த ஃபிட்டர் அவர் மனைவியின் தம்பி. முகமூடிக்குள்ளிருந்து அவன் விடும் மூச்சு ஸ்பீக்கரில் சீராகக் கேட்டது.

"என்ன மச்சான், ஏதாச்சும் தெரியுதா?"

"ஒரு மூட்டு விடாம பாத்துட்டேன் அத்தான். துளி கசிவு இல்ல. உங்க குழாய்தான் குடிக்குது போல. அக்காகிட்ட சொல்லி அதுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்க."

சிரிக்கப் போனவரின் கண் சிலிண்டர் வரிசைக்குப் போனது. போன வாரம் போர்வைக்கான ஆர்கான் தீர்ந்ததும் நைட்ரஜனை மாட்டியது அவர்தான். பழைய கூடத்தில் பத்தொன்பது வருடம் சோடியத்தோடு பழகிய கை. சோடியம் நைட்ரஜனைத் தொடாது. லித்தியம் தின்னும். தின்ற பிறகு குழாயின் எஃகையும் தின்னும்.

"வெளிய வா. இப்பவே வா."

"இருங்க அத்தான். இந்த வளைவுல வெல்டிங் கறுத்துக் கிடக்கு. வேர்க்கிற மாதிரி..."

சலசலப்பு நின்றது.

உள்ளே பார்க்கச் சுவரில் பதித்த கண்ணாடி சிவந்தது. மணி அலறியது. உள் அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. தீயை அமுக்கும் வாயு தானாகத் திறந்தது. பழைய சோடியக் கூடத்தில் இருந்த அதே ஏற்பாடு. அதே சிலிண்டர்கள். நைட்ரஜன்.

சிவப்பு அடங்கவில்லை. வளர்ந்தது.

நைட்ரஜனை மூட வால்வைத் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார்.

"அத்தான், கதவு... அத்தான்..."

கண்ணாடியில் ஒரு கையுறை வந்து அறைந்தது. விரல்களுக்கு நடுவே சிவப்பு. பிறகு விரல்களுக்குள்ளும்.

மணி ஓய்ந்தது. கையுறை ஒட்டியபடியே இருந்தது.

ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது. நிதானமாக. ஆழமாக. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் ஒரு கோடு இறங்கியது. அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்.

உள்ளே இழுப்பது மட்டும்தான். வெளியே விடவே இல்லை.

அடுத்த சிலிண்டர் திறந்துகொண்டது.