பழகிய கை

சட்டைப் பொத்தான்களை இன்ஸ்பெக்டர் எப்போதும் கழுத்திலிருந்து கீழ்நோக்கித்தான் போடுவார். அன்று காலை அவருடைய வலது கை கீழிருந்து ஆரம்பித்தது. இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருக்க, வலது கை கடைசிப் பொத்தானையும் மாட்டிவிட்டு, காலரைக் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டியது.

"சனியனே," என்றார் கையைப் பார்த்து.

விபத்தில் தோளோடு போன கைக்குப் பதிலாக இலாகா மாட்டிவிட்ட எந்திரக் கை அது. மேலே தோல், தோலில் ரோமம், நகத்தில் பிறை, எல்லாம் அச்சு அசல். ஊரில் பாதிப் பேர் இப்படி எதையாவது மாற்றிக்கொண்டுதான் திரிந்தார்கள். டீக்கடைக்காரருக்குக் காது புதுசு, எதிர்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் புதுசு, மேலதிகாரிக்கு இரண்டு கண்ணும் புதுசு. யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. இவருக்கு வாய்த்தது மட்டும் வந்த நாளிலிருந்தே உயிரை வாங்கியது. டம்ளரைக் கொடுத்தால் போட்டு உடைத்தது, சாவியைக் கொடுத்தால் நழுவவிட்டது. கழற்றி எறியலாம் என்றால் அதற்கும் கம்பெனிக்காரனின் கருவி வேண்டும். பொறுமை போய், கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தித் தீர்த்துவிட்டார். "பழகாத கையை எதுக்குய்யா மாட்டுறீங்க? பழக்கினவன் எவனோ அவனைப் பிடிச்சு உக்கார வெச்சுச் சரி பண்ணுங்க. சரியாகுற வரைக்கும் அவனை வெளிய விடாதீங்க!"

அதற்குப் பிறகு கை ஒழுங்காக வேலை செய்தது. இப்போது இந்தப் பொத்தான் கூத்து.

சமையலறையில் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய தம்பியைக் காணவில்லை. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றுவதும் திரும்பி வந்து அக்காவிடம் திட்டும் சாப்பாடும் வாங்குவதும் அவனுக்கு வழக்கம்தான். இந்தத் தடவை வரவில்லை, போனும் எடுக்கவில்லை. காணாமல்போனவர்களைத் தேடும் பிரிவிலேயே புருஷன் வேலை பார்த்தும் ஒரு தகவல்கூட இல்லை என்றால் எந்த மனைவிதான் சிரித்துப் பேசுவாள்?

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் கண்டுபிடிக்கிறீங்க. என் தம்பின்னா மட்டும் இளக்காரம்."

"தேடிட்டுத்தானே இருக்கேன்? வேற என்ன பண்ணச் சொல்றே?"

டீயை மேசைமேல் நங்கென்று வைத்தாள். வலது கை டம்ளரின் விளிம்பை மூன்று விரல்களால் கொத்தித் தூக்கியது. சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டிய விரல் டம்ளரின் ஓரத்தைத் தட்டியது.

மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வாலு இப்படித்தான் பிடிப்பான்," என்றாள். "நீங்க பொத்தான் போட்டதை வாசப்படியிலிருந்து பார்த்தேன். காலரைச் சுண்டினதையும் பார்த்தேன். எனக்கு ஏதோ பிரமைன்னு நினைச்சேன்."

தொழிற்சாலையிலிருந்து வரும் எந்திரக் கைக்கு ஒன்றும் தெரியாது. யாராவது ஒரு மனிதன் கம்பிகள் தைத்த உறையைத் தன் கையில் போட்டுக்கொண்டு பொத்தான் போட்டு, சாவி திருப்பி, டம்ளர் பிடித்துக் காட்ட வேண்டும். அந்த அசைவுகள் எந்திரக் கைக்குப் போய்ப் பதியும்; எந்திரக் கையில் படுவதும் உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். பழக்குநர் என்று அந்த வேலைக்குப் பெயர். வாலு கடைசியாகச் சேர்ந்திருந்தது அந்த வேலையில்தான். எந்தக் கம்பெனி என்று மாமா கேட்கவுமில்லை, மச்சான் சொல்லவுமில்லை.

கையைச் செய்த கம்பெனிக்கே போனார். மாடி மாடியாக அலைக்கழித்தார்கள். ஒருத்தி வரவேற்பறைக்குப் போகச் சொன்னாள், வரவேற்பறை மறுபடி அவளிடமே அனுப்பியது. கடைசியில் பட்டறையில் ஒரு டெக்னீஷியன் கிடைத்தான். வெள்ளைக் கோட்டு, மெல்லிய குரல், கழுவித் துடைத்த புன்னகை. அவனுக்குப் பின்னால் சுவர் முழுக்க எஃகு இழுப்பறைகள். ஸ்பிரிட் வாடை மூக்கைக் குத்தியது.

"பழக்கினவங்க விவரம் வெளிய சொல்றதில்ல சார். அவங்க பழக்கம் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் தேஞ்சுடும். மத்தபடி கையில ஏதாவது குறை இருக்கா சார்?"

"குறை கையில இல்லய்யா. அவன் எங்கேன்னு கேக்குறேன்."

"குறை இல்லைன்னா சந்தோஷம் சார்."

இந்தச் சிரிப்பை என்ன செய்வது? சோதனை போட அனுமதி கேட்டு மேலதிகாரியிடம் போனார். புதுக்கண்கள் இவரை இமைக்காமல் பார்த்தன. "டம்ளர் பிடிச்ச விதத்தை வெச்சுக் கேஸ் போடணுமா? கொஞ்சம் லீவு எடுத்துக்கோங்க." மண்டை காய்ந்து வீடு திரும்பும்போது தூறல் பிடித்திருந்தது.

சாயங்காலம் விளக்குக்கூடப் போடாமல் மனைவி அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த அறையில் படுப்பார்களாம். தூங்கிவிட்டாயா என்று இவள் சுவரில் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு தட்டுவாள். தூங்கவில்லை என்றால் அவன் ஒன்று தட்டி, விட்டு, இரண்டு தட்டுவான். அதை அவள் இப்போது உள்ளங்கையில் தட்டினாள்.

வெளியே மழைநீர் குழாயில் இறங்கும் சத்தம். பக்கத்து வீட்டு விளம்பரத் திரையின் நீல வெளிச்சம் சுவரில் வந்து வந்து போயிற்று. கை மடியில் சும்மா கிடந்தது. பிறகு நடுவிரல் அசைந்தது.

ஒன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு.

"பழக்கம்தான்," என்றார். சொன்ன குரல் அவருக்கே நம்பும்படி இல்லை. "பழைய ஞாபகம் ஏதோ பதிஞ்சிருக்கும்."

"பழக்கம் கேட்டுட்டு பதில் சொல்லுமா?" அவள் அழுதாள். "அவன் முழிச்சிருக்கான்ங்க."

கை அவள் விரலைக் கெட்டியாகப் பிடித்தது. பிறகு விட்டுவிட்டு மேலே எழுந்தது. வெறும் காற்றில், முகத்துக்கு ஒரு முழம் எதிரே, உள்ளங்கை தட்டையாக எதன்மீதோ பதிந்து நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. இடப்பக்கம் தடவியது, நின்றது. வலப்பக்கம் தடவியது, நின்றது. நகத்தால் காற்றைப் பிறாண்டியது. ஒரு மூடியை, இரண்டு ஓரங்களை, படுத்தபடி ஒருவன் தடவிப் பார்க்கிற இடத்தை அது காட்டிக்கொண்டிருந்தது.

அந்த அகலத்தை இன்ஸ்பெக்டர் இன்று காலைதான் பார்த்திருக்கிறார். எஃகு இழுப்பறை. கைகளை வைக்க அவ்வளவு பெரிய இழுப்பறை எதற்கு?

'சரியாகுற வரைக்கும் அவனை வெளிய விடாதீங்க.' யார் சொன்னது? கத்திச் சொன்னது யார்?

"கூட்டிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கம்பெனி மூடும் நேரம். அடையாள அட்டையைக் காட்டியதும் காவலாளி சலாம் போட்டு உள்ளே விட்டுவிட்டான். நடைபாதையில் அவர் நடக்க நடக்க விளக்குகள் எரிந்தன, கடந்ததும் அணைந்தன. பட்டறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. ஸ்பிரிட் வாடைக்கு அடியில் காலையில் தெரியாத இன்னொரு வாடை இப்போது தெரிந்தது. குளிக்காத உடம்பின் வாடை. எந்திரங்களின் முனகலுக்கு அடியில் துணி உரசும் சத்தம். இரும்பில் நகம் படும் சத்தம்.

இடது கையால் எஃகில் தட்டினார். இரண்டு, விட்டு, ஒன்று.

தொங்கிக்கொண்டிருந்த வலது கை காற்றில் தட்டியது. ஒன்று, விட்டு, இரண்டு. அதே நொடியில் முழங்காலருகே இருந்த இழுப்பறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அப்புறம் அதற்கு மேலே இருந்ததிலிருந்து. பக்கத்திலிருந்து. கூரை ஓரத்திலிருந்து. முறை தெரியாத தட்டல்கள். சுவர் முழுக்க.

குனிந்து இழுத்தார். எண்ணெய் போட்ட சக்கரத்தில் சத்தமில்லாமல் வந்தது.

வாலு. மொட்டைத் தலை. வாயில் குழாய். வலது தோளிலிருந்து விரல் நுனிவரை கம்பி உறை. கண்கள் திறந்திருந்தன. மாமாவைப் பார்த்ததும் நிரம்பின.

"வந்துட்டேன்டா. அக்கா அனுப்பினா. வந்துட்டேன்."

கையை நீட்டினார். அவனும் நீட்டினான். இரண்டு வலது கைகளும் கோத்துக்கொண்டன.

தூக்கினார். எழ முடியவில்லை, உறையின் கம்பிகள் இழுப்பறையின் அடியில் தைத்திருந்தன. முதலில் உறையைக் கழற்ற வேண்டும். பிடியை விடப் பார்த்தார்.

விடவில்லை.

"விடுடா. கழட்டணும். விடு."

வாலு தலையை ஆட்டினான். நான் இல்லை மாமா, என்று கண் சொன்னது. எந்திர விரல்கள் அவன் விரல்களை நெரித்தன. வலியில் அவன் கை இறுகியது. அவன் கை இறுக, இவர் கை இறுகியது. இவர் கை இறுக, அவனுக்கு வலித்தது. உறைக்குள் ஏதோ மளுக்கென்றது. இன்னும் இறுகியது.

வலப்பக்கப் பாக்கெட்டில் போன் அடித்தது. அவள்தான். இடது கை எட்டவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

நடைபாதையில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்தது. அடுத்தது.

தட்டல்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன.

டெக்னீஷியன் அவசரப்படாமல் வந்தான். மச்சானின் இழுப்பறைக்குப் பக்கத்து இழுப்பறையைத் திறந்தான். காலி. ஒரு துணியால் அதன் உள்பக்கத்தை மூலை முடுக்கெல்லாம் துடைத்தான். பிறகு அவர் பக்கம் திரும்பினான். அவனுடைய முழங்கையில் ஒரு புது உறை மடித்துக் கிடந்தது.

"கையில ஏதாவது குறை இருக்கா சார்?"

உறையை உதறி விரித்தான். அது இடது கைக்கானது.