ஐந்தாவது புள்ளி

வலது முன்னிறகின் ஓரத்தில் நேற்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தன. இன்று பிற்பகல் ஐந்து இருந்தன.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் எண்ணினாள். செத்து உலர்ந்து, மார்பில் ஊசி ஏறிய அந்துப்பூச்சிக்குப் புதிதாகப் புள்ளி முளைக்காது. நேற்று எண்ணிய கண்தான் தவறியிருக்க வேண்டும். மரப்பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்த அந்த அருங்காட்சியக அறையில் பாச்சை உருண்டையின் நெடியும், மழை குடித்த சுவரின் ஈரவாடையும், அடுத்த அறையில் வெந்நீர் கொதிக்கும் மெல்லிய குமிழ்ச் சத்தமும் வழக்கம்போலவே இருந்தன. புள்ளி மட்டும்தான் வழக்கத்தில் இல்லாதது.

அந்த இனத்தில் மனிதர் கைக்கு வந்திருப்பது இந்த ஒரே பூச்சி. மழைக்காட்டில் வெள்ளைத் துணி கட்டி, அதற்கு முன்னே விளக்கை வைத்து, ஏழு இரவுகள் காத்திருந்து இதைப் பிடித்து வந்தவர் அவளுடைய கணவர். புது இனத்தை விவரித்து எழுதுபவருக்கே பெயரிடும் உரிமை உண்டு. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது மட்டும் அழகல்ல என்பது அத்துறையின் மரியாதை. ஆகவே எட்டு நாட்களுக்கு முன்பு, பூச்சியின் மார்பில் ஊசியைச் செலுத்தி, இறகுகளைப் பலகையில் விரித்துக் காகித நாடாக்களால் அழுத்திவைத்த கையோடு, சிவப்பு விளிம்பிட்ட சீட்டில் கணவரின் பெயரை எழுதி அதன் கீழே செருகினாள்.

அன்று மாலையிலிருந்துதான் அவருக்கு நெஞ்சுவலி.

"ஊசியால குத்தி, எடுக்காம அப்படியே விட்ட மாதிரி இருக்கு" என்றார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், குறை ஒன்றுமில்லை. உறக்கத்தில் இரு கைகளையும் அகல விரித்துக்கொள்ளும் பழக்கமும் புதிதாக வந்திருந்தது.

"கட்டில் முழுக்க உங்க பேருக்கு எழுதி வாங்கியாச்சா? நான் தரையில படுத்துக்கட்டுமா?"

"கிண்டல் பண்ணாதம்மா. மடக்கவே முடியல. மரத்துப்போகுது."

வலது தோளில் ஏதோ காட்டுப்பூச்சி கடித்த தடங்கள், கரும்புள்ளிகளாக நான்கு. இரவுதோறும் அவள்தான் மருந்து தடவிவிட்டாள்.

அடுத்த அறையிலிருந்து சோடா அண்ணன் தலையை நீட்டினார். கெட்டியான மூக்குக்கண்ணாடிக்காக வந்த பெயர் அது; பூச்சிகளைப் பதப்படுத்துவதில் அவருக்கு இணை கிடையாது. இனத்தை உறுதிசெய்ய உள்ளுறுப்பைப் பார்த்தாக வேண்டும். அதற்காகப் பூச்சியின் வயிற்றை மட்டும் ஒடித்தெடுத்து, பொட்டாஷ் கரைசலில் போட்டு, சதை கரைந்து கூடு மட்டும் மிஞ்சும்வரை சூடாக்குவார்கள். மதியமே அவர் அதைத் தொடங்கிவிட்டிருந்தார்.

"டாக்டரம்மா, உங்க வீட்டுக்காரரைக் கொதிக்க வெச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க!"

"நல்லா வேகட்டும் அண்ணே. வீட்டுல ஒரு துரும்பை நகர்த்த மாட்டேங்கறாரு."

இருவரும் சிரித்தார்கள். அவர் தலை உள்ளே போயிற்று. சிறிது நேரத்தில் குமிழ்ச் சத்தமும் ஓய்ந்தது.

நான்கு புள்ளிகள் என்று எழுதிய விவரிப்பும் அவள் வரைந்த படமும் நேற்றே ஆய்விதழுக்குப் போய்விட்டன; உள்ளுறுப்பின் படத்தை மட்டும் பின்னால் சேர்ப்பதாக ஏற்பாடு. வேறொரு நாட்டில் வேறொரு குழுவும் இதே பூச்சியின் பின்னால் இருப்பதாகப் பேச்சு. முந்தி வெளியிடுபவர் வைத்த பெயரே நிலைக்கும். ஒரு திருத்தம் அனுப்பினால் கட்டுரை மறுபடியும் பரிசீலனைக்குப் போகும், மாதங்கள் ஓடும், அவருடைய ஏழு இரவுகளும் யாரோ ஒருவருடைய பெயரில் போய்ச் சேரும். ஆசிரியருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதைத் தாண்டி விரல் நகரவில்லை.

ஓர் இனத்துக்கே சான்றாக நிற்கும் மூல மாதிரியில் ஒரு செதிலைக்கூடத் தொடக்கூடாது. மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

மெல்லிய தூரிகையை எடுத்தாள்.

ஐந்தாவது புள்ளியின் மேல் ஒருமுறை இழுத்தாள். போகவில்லை. இன்னொருமுறை. கடுகளவுகூட இல்லாத கருந்தூள் உதிர்ந்து, சற்றே ஈரமாக, தூரிகையின் நுனியில் ஒட்டிக்கொண்டது. உலர்ந்த பூச்சியில் ஈரம் ஏது? அழுத்திச் சுரண்டினாள். புள்ளி போயிற்று.

செல்பேசி அடித்தது.

"வேலையா இருக்கியா?" கணவரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "நீ தினமும் மருந்து போடுவியே, தோள்ல. காலையில பார்த்தா பக்கத்துலயே புதுசா இன்னொண்ணு வந்திருந்தது. இப்ப திடீர்னு அந்த இடத்துல தோல் உரிஞ்சு ரத்தமா கொட்டுது. நான் தொடவே இல்லம்மா."

அவள் தூரிகையைப் பார்த்தாள். நுனியிலிருந்த கருப்பு, விளக்கொளியில் சிவப்பாக இருந்தது.

"ஏங்க... வேற எங்கயாவது வலிக்குதா?"

"மதியத்துல இருந்து வயித்துல ஒரே நெருப்பு. உருண்டு புரண்டேன், உன்னைக் கூப்பிடக்கூட முடியல. இப்ப அதுவும் இல்ல. பசியும் இல்ல. ரொம்ப லேசா இருக்கு."

நாற்காலி சாய்ந்து விழுந்தது. அடுத்த அறைக்கு ஓடினாள்.

"அடுப்பை நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!"

"அப்பவே நிறுத்திட்டேனே." சோடா அண்ணன் சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பெருமையுடன் காட்டினார். "பாருங்க, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல."

மழை. ஆட்டோ. சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு விளக்கு. படிக்கட்டு. செல்பேசியை அவர் எடுக்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்குள் பாச்சை உருண்டை வாசனை. அவள் வீட்டில் ஒருபோதும் பாச்சை உருண்டை வாங்கியதில்லை.

உள்ளறையில், தெருவிளக்கு எரியும் ஜன்னலை நோக்கி அவர் நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் அகல விரிந்திருந்தன. அசையவில்லை.

"வந்துட்டியா?" என்றார் திரும்பாமலே. "அந்த லைட்டையும் கொஞ்சம் போடேன்."

ஸ்விட்சில் வைத்த விரலை அவளால் அழுத்த முடியவில்லை. அழுத்தத் தேவையும் இருக்கவில்லை. தெருவிளக்கின் மஞ்சள் ஒளி அவருடைய வெள்ளைச் சட்டையின் வழியே தடையின்றி அவளிடம் வந்துகொண்டிருந்தது. விலா எலும்புகளுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, சட்டைத் துணிக்கு அப்பால் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன.

எண்ணினாள். பழக்கம்.

ஐந்து.