மழைக்காக ஐநூறு

“தொடாதீங்க... ஈரக் கை!”

சயோகோ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்தால்... நனைந்த முடி நெற்றியில் ஒட்ட, கடைக்காரனின் இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. கோபமான கண்களா? சிரிக்கிற கண்களா?

அதை யோசிக்க நேரமில்லை. கியோத்தோ கோயில் சந்தையில் காலையிலிருந்து கடை கடையாக அலைகிறாள். தூறல் பிடித்ததும் பாதிப் பேர் தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். இதோ, இந்த விரிப்பில்தான்... அம்மாவின் ஆமையோட்டுச் சீப்பு! கல்யாணத்தன்று அப்பா கொடுத்தது.

வீட்டை ஒழிக்கிறேன் என்று பழைய அலமாரியைத் தூக்கிக் கொடுத்தவள் சயோகோதான். இழுப்பறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “சின்னச் சாமானெல்லாம் சந்தைக்குப் போயிடுச்சும்மா” என்று வாங்கியவர் கைவிரித்துவிட்டார். மூன்று மணிக்கு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். வந்ததும் அதைத்தான் தேடுவாள்.

ஆசையைக் காட்டினால் விலை ஏறும். பையில் இருப்பதோ ஆறாயிரம் யென்.

“இது... சும்மாதான் கேக்கறேன். எவ்வளவு?”

“எட்டாயிரம்.”

“ஒரு பல்லு உடைஞ்சிருக்கே! மூவாயிரம்.”

“மூவாயிரத்துக்கு அந்த உடைஞ்ச பல்லை வேணா தேடித் தர்றேன்.”

“நாலு!”

“ஏழரை. மழைக்காக ஐநூறு குறைச்சிருக்கேன்.”

“நாலரை!”

“உள்ள வந்து நின்னு பேசுங்க, நனையறீங்க... ஏழு.”

ஆறு என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் ஓர் ஊதாக் குடை நடுவே நுழைந்தது. பட்டுக் கிமோனோ உடுத்திய அம்மாள் ஒருத்தி சீப்பை எடுத்துக்கொண்டாள்.

“ரியோஹெய் தம்பி, நீ முதல்ல சொன்ன எட்டுக்கே கட்டிடு.”

சயோகோ சீப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அது... அது எங்க அம்மாவோடது!”

நடந்ததைச் சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

“சந்தையில இந்தக் கதைக்கா பஞ்சம்?” அம்மாள் உதட்டைச் சுழித்தாள்.

ரியோஹெய் அவள் கையிலிருந்து சீப்பை மெல்ல வாங்கினான். “மன்னிச்சிடுங்கம்மா. இது வித்துப்போச்சு.”

ஊதாக் குடை விறுவிறுவென்று நகர்ந்தது. அவன் சீப்பைக் காகிதத்தில் சுற்றி சயோகோவிடம் நீட்டினான்.

“காசு வேணாம்...”

சுருக்கென்றது அவளுக்கு. “நான் ஒண்ணும் பிச்சை கேக்கலை!”

ஆறாயிரத்தையும் விரிப்பில் வைத்துவிட்டு, சீப்போடு மழையில் ஓடினாள்.

அன்று சாயங்காலமே அம்மா அதைத் தலையில் செருகிக்கொண்டாள். சயோகோவுக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒரு நன்றிகூடச் சொல்லலையே... என்னால அவருக்கு ஒரு நல்ல வாடிக்கையும் போச்சே... அந்தக் கண்கள் வேறு...

அடுத்த மாதச் சந்தைக்கு விடிந்ததும் போய் நின்றாள். அவன் இடத்தில் யாரோ ஊறுகாய் விற்றுக்கொண்டிருந்தார். இனி வரவே மாட்டானோ? வரிசை வரிசையாகத் தேடினாள். கால் வலித்தது, கண் கலங்கியது... கடைசியில் பின்வாசல் பக்கம், பீங்கான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு அவன்!

“இடம் ஏன் மாறிடுச்சு? என்னாலயா?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ஐயோ, இல்லீங்க! இந்தத் தடவை இங்கதான் ஒதுக்கினாங்க.” அவன் தடுமாறினான். “இன்னிக்கு... என்ன தேடறீங்க?”

“எதுவும் வாங்க வரலை. அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கணும். அப்புறம்...” தலை தானாகக் குனிந்தது. “உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு.”

தட்டு அவன் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

“நானும் ஒண்ணு சொல்லிடறேன். திட்டக் கூடாது. அந்தச் சீப்பை நாலாயிரத்துக்கே குடுத்திருப்பேன்.”

“பாவி மனுஷா! அப்ப ஏன் அப்படி இழுத்தடிச்சீங்க? எனக்கு உயிரே போச்சு!”

அவன் காது மடல்கள் சிவந்தன.

“உடனே குடுத்தா... நீங்க போயிடுவீங்களே!”